சைலன்சருக்கு ஆர்கான் வெல்டிங்: 3 வருஷம், 31,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். வீடு சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆபீஸ் 4 கிலோமீட்டர். இந்த இரண்டுமே சைலன்சருக்கு எமன் என்று அப்போது தெரியாது. உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். குட்டி ஓட்டத்தில் குழாய் முழுசாகச் சூடேறாது, அதனால் புகையோடு வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி அது ஒரு பக்கம் தின்னும்.

முதலில் வந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்தால் அடியில் டிக் டிக் டிக், பத்து நிமிஷத்தில் காணாமல் போகும். எஞ்சின் வால்வை அசைக்கும் டேப்பெட்டின் சத்தம் என்று நினைத்து வால்வ் கிளியரன்ஸ் வரைக்கும் பார்க்க வைத்தேன், தண்டச் செலவு. சூடேறினால் குழாய் விரிந்து விரிசல் மூடிக்கொள்கிறது, சத்தமும் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பின்சீட்டில் இருந்த பையன் புகை நாற்றம் அடிக்கிறது என்றான். அன்றைக்கே வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். பெல்லோஸ் என்கிற வளையும் மடிப்புக் குழாய்க்குப் பின்னால், குழாயும் போல்ட் மாட்டும் பிளேஞ்சும் சேரும் இடத்தில் கண்மை இழுத்த மாதிரி ஒரு கரிக்கோடு. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், நாற்றமாவது மூக்குக்குத் தெரிகிறது, கார்பன் மோனாக்சைடு தெரியாது.

புது அசெம்பிளிக்கு 14,500 ரூபாய் சொன்னார்கள். சரி, வெல்டிங் வைத்துப் பார்ப்போம் என்று பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார், ஒட்டியது. "இது எஸ்.எஸ். இல்ல சார், சாதா இரும்பு" என்று சொல்லி 6013 ராடு (சாதா இரும்புக்கான வெல்டிங் கம்பி) போட்டு ஆர்க் வெல்டிங் வைத்து 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். தப்பு நடந்தது அந்தக் காந்தத்தில்தான். கார் சைலன்சரில் பெரும்பாலும் வருவது 409 கிரேடு. அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் (எஸ்.எஸ்.), ஆனால் நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது, துருவைத் தடுக்கும் குரோமியம் சுமார் 11 சதவீதம், காந்தம் நன்றாகவே ஒட்டும். வீட்டுப் பாத்திரத்தில் பார்க்கிற 304தான் ஒட்டாது. சாதா ராடு உருகி அதோடு கலந்தால் அந்த இடத்தில் குரோமியம் குறைந்துபோகும், குழாய் எஸ்.எஸ்., வெல்டிங் தையல் துருப்பிடிக்கிற இரும்பு என்று ஆகிவிடும். ஏழே மாதம். மழைக்காலம் முடிந்ததும் தையலையொட்டி மறுபடியும் விரிசல், கூடவே குழாயில் மிளகு அளவுக்கு இரண்டு ஓட்டை. ஒன்றரை மில்லிமீட்டர் தகட்டில் ஆர்க் வைத்தால் எரித்து மெலித்துவிடும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது தடவை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்னப் பட்டறை, ஆர்கான் வெல்டிங் (உருகும் இடத்தில் காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிச் செய்வது). ஹோட்டல் கிச்சன் சிங்க், பால் டேங்க் செய்கிறவர், கார் வேலை எப்போதாவதுதான் எடுப்பாராம். நான் போனது அதற்காகத்தான், தினமும் எஸ்.எஸ். தொடுகிற கை. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொன்னார், வெல்டிங் கரண்ட் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பக்கம் போய்விடக் கூடாது என்று. பழைய தையலோடு சேர்த்து ஆறு அங்குல நீளத்துக்குக் குழாயை வெட்டி எறிந்துவிட்டு 304 குழாய்த் துண்டை வைத்து, வண்டியிலேயே நாலு இடத்தில் டேக் (பொட்டுப் பொட்டாகத் தற்காலிக வெல்டிங்) வைத்தார். அப்புறம் மொத்தத்தையும் இறக்கி மேஜையில் வைத்து முழு வெல்டிங். முதலிலேயே இறக்கிச் செய்தால் திரும்ப மாட்டும்போது கோணம் உட்காராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்துச் செய்த காரியம். குழாயின் இரண்டு வாயையும் டேப் போட்டு அடைத்து, சின்ன ட்யூப் ஒன்றைச் செருகி உள்ளேயும் ஆர்கான் விட்டார்.

"வெளிய மட்டும் கேஸ் போனா பத்தாதாண்ணே?"

"வெளிய பளபளன்னு இருக்கும் சார், உள்ள கருகி சக்கரை மாதிரி பொரிஞ்சு நிக்கும். அங்கிருந்துதான் விடும்."

ராடு 309எல். இரண்டு வேறு கிரேடு எஸ்.எஸ்ஸைச் சேர்க்க அதுதான் சரி என்றார். கம்பி பிரஷ்ஷும் எஸ்.எஸ்.தான், சாதா இரும்பில் தேய்த்த பிரஷ்ஷைத் தொடவே இல்லை, அதன் இரும்புத்தூள் ஒட்டினால் துரு அங்கே ஆரம்பிக்குமாம். முடிந்ததும் தையலோரம் வைக்கோல் நிறமும் லேசான நீலமும் இருந்தது. சாம்பல் நிறத்தில் செதில் விட்டிருந்தால் சூடு அதிகம், கேஸ் பத்தவில்லை என்று அர்த்தம். 1,800 ரூபாய், புது கேஸ்கெட்டோடு.

அதற்குப் பிறகு 3 வருஷம், 31,000 கிலோமீட்டர், மூன்று மழைக்காலம். தையல் அப்படியே இருக்கிறது. மேலே பழுப்பாக ஒரு படலம் உண்டு, துணியால் துடைத்தால் பாதி போய்விடும். 304 சூட்டில் கூடுதலாக விரியுமே என்று ஒரு பயம் இருந்தது (ஒரு மீட்டருக்கு 100 டிகிரியில் சுமார் 1.7 மி.மீ., 409 சுமார் 1.1 மி.மீ.தான்). ஆறு அங்குலத் துண்டில் அது ஒன்றும் செய்யவில்லை. மைலேஜில் மாற்றம் இல்லை, விரிசல், புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்குப் பின்னால் இருந்ததால் முன்பும் அடி வாங்கவில்லை. சென்சாருக்கு முன்னால் விட்டிருந்தால் வெளிக்காற்று புகுந்து கணக்கைக் குழப்பி, இசியூ பெட்ரோலைக் கூட்டி ஊற்றியிருக்கும்.

ஒரே ஒரு தடவை, 14 மாதம் கழித்து, அடியில் தடதடவென்று சத்தம். வெல்டிங் போச்சு என்றே நினைத்தேன். பார்த்தால் ஹேங்கர் ரப்பர் ஒன்று அறுந்து குழாய் தொங்குகிறது. 120 ரூபாய். முதல் விரிசலுக்கே தொங்கிப்போன ரப்பர் காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் சந்தேகம், பெல்லோஸ் ஓரத்தில் மொத்த எடையும் ஆடினால் எந்தத் தையலும் தாங்காது. இப்போது ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் ரப்பரை இழுத்துப் பார்க்கச் சொல்கிறேன், சைலன்சர் வாயைத் துணியால் ஒரு நொடி அடைத்து எங்காவது உஸ்ஸென்று வருகிறதா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் சைலன்சரின் பின்பக்க டப்பாவின் அடியில் துரு உப்பியிருந்தது. அம்பத்தூருக்கே எடுத்துப் போனேன். அண்ணன் என் பழைய தையலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார், அப்புறம் டப்பாவை விரலால் சுண்டினார். உள்ளே கலகலவென்று துருச் செதில் கொட்டும் சத்தம்.

"இதுக்கு ஆர்கான் வேணாம் சார். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைதான்."