பேட்டில்ஸ்டார் கலாக்டிகா டெட்லாக்: ஒரு டர்ன் முன்னால் யோசிக்க வேண்டிய கேம்

ஆஸ்திரேலியாவின் பிளாக் லேப் கேம்ஸ் உருவாக்கி, ஸ்லிதரின் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட கேம் இது. கதை நடப்பது மனிதர்களுக்கும் அவர்கள் உருவாக்கிய சைலான் இயந்திரங்களுக்கும் இடையிலான முதல் சைலான் போரில், அதாவது 2003இல் தொடங்கிய பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொலைக்காட்சித் தொடரின் நிகழ்வுகளுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு. அட்மிரல் லூசிண்டா கெயின் இடத்தில் இருந்து மனிதர்கள் வாழும் பன்னிரண்டு காலனிகளைக் காக்க வேண்டும். தொடரைப் பார்க்காதவர்களும் ஆடலாம். பார்த்தவர்களுக்கோ, அந்தத் தொடரின் பதற்றம் விதிகளுக்குள்ளேயே இருப்பது முதல் சண்டையிலேயே தெரிந்துவிடும்.

காரணம், டர்ன்கள், அதாவது ஆட்டச் சுற்றுகள், நடக்கும் விதம். நாம் எல்லா விண்கப்பல்களுக்கும் கட்டளை போட்டு முடித்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. ஓடத் தொடங்கிய டர்னை நடுவில் திருத்த வழியில்லை. ஜூபிட்டர் வகை பேட்டில்ஸ்டாரை, அதாவது பெரிய போர்க்கப்பலை, தேர்ந்தெடுத்தால் அது டர்ன் முடிவில் எதுவரை போக முடியும் என்று முன்னால் ஒரு வளைவு விரியும். மான்டிகோர் போன்ற சிறிய கப்பலோடு ஒப்பிட்டால் அது சட்டென்று திரும்பாது. எதிரி இப்போது நிற்கும் இடத்தைக் குறிவைத்துத் திருப்பினால், பீரங்கிகள் நேராக வரும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவன் போகப்போகும் இடத்துக்கு விலாவைக் காட்டித் திருப்ப வேண்டும். ஜூபிட்டரின் முழு பலமும் விலாவில்தான் இருக்கிறது.

கவசம் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் குறைகிறது. சண்டை முடியும்வரை அது திரும்பி வராது. சேதமான உட்பகுதிகளைச் சரிசெய்யலாம், கவசத்தை முடியாது. ஆகவே ஒரு பக்கம் தேய்ந்ததும் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். புதிதாக ஆடுபவர்கள் அடிக்கடி கப்பலை இழப்பது இதைச் செய்யாததால்தான். அடுத்த பிழை, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் வைப்பது. பாதைகள் வெட்டிக்கொண்டால் நம் கப்பல்களே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று உயரத்தை மாற்றி வையுங்கள்.

நம் சிறு போர் விமானங்களான வைப்பர்களை முதல் டர்னிலேயே வெளியே அனுப்பிவிடுங்கள். சைலான்களின் போர் விமானங்களான ரெய்டர்கள் நெருங்கியபிறகு அனுப்பினால் அவை கிளம்பி வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். பெரிய கப்பலுக்கு ஒரு வைப்பர் ஸ்க்வாட்ரனாவது காவலாக இருக்கட்டும். ஹெவி ரெய்டர் ஒன்று கப்பலில் ஒட்டிக்கொண்டால் சென்ட்டூரியன்கள் என்ற சைலான் இயந்திர வீரர்கள் உள்ளே இறங்கிவிடுவார்கள். உள்ளே நம் வீரர்களான மரைன்கள் தோற்றால் கவசம் எவ்வளவு மிச்சமிருந்தும் பயனில்லை. சைலான் பக்கத்தில் முதலில் அடிக்க வேண்டியது வார்டிரைவர் என்ற கப்பல். பார்க்கச் சாதாரணம்தான், ஆனால் நம் கணினிகளுக்குள் ஊடுருவுவதே அதன் வேலை. ஜூபிட்டரின் பீரங்கிகளை ஃபிளாக்குக்கு, அதாவது வருவதை வானிலேயே வெடித்துத் தடுக்கும் குண்டுகளுக்கு, மாற்றினால் ஏவுகணை மழையைத் தடுக்கலாம். அந்த நேரத்தில் எதிரிக் கப்பல்களைத் தாக்கும் பலம் போய்விடும் என்பதால் தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

சண்டைக்கு வெளியே உள்ள வரைபடம் அவ்வளவு சுவையாக இல்லை. டைலியம் என்ற எரிபொருளும் ரெக்விசிஷன் என்ற கொள்முதல் புள்ளிகளும் காலனிகளிடமிருந்து வருகின்றன. தாக்கப்படும் காலனியைக் கைவிட்டால் அது கூட்டமைப்பிலிருந்து விலகும், வருமானமும் நிற்கும். யோசனை நல்லதுதான். ஆனால் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான தீயணைப்பு வேலையாகிவிடுகிறது. எல்லாப் பலத்தையும் ஒரே கப்பல் அணியில் குவிக்காமல், இரண்டாவது அதிகாரிக்கும் தொடக்கத்திலிருந்தே சண்டை கொடுங்கள். அனுபவம் ஏறினால்தான் அவர் பெரிய கப்பல்களை நடத்த முடியும். உரையாடல் காட்சிகளில் முகங்கள் விறைப்பாக இருக்கின்றன. தொடரின் நடிப்பை மனத்தில் வைத்து வருபவர்களுக்கு இது உறுத்தும். ஆஷ் கிப்சன் கிரெய்க்கின் இசை அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் அனபாசிஸ். துரத்தும் சைலான்களிடமிருந்து சண்டைக்குச் சண்டை தப்பி ஓடும் பயணம் அது. பட்ட சேதம் அடுத்த சண்டைக்கும் கூடவே வரும். தொடரின் நினைவு மிக அதிகமாக வருவது இங்கேதான்.

சண்டை முடிந்ததும் வரும் ரீப்ளேயைத் தவிர்க்காதீர்கள். தொடரில் போலவே கேமரா ஆடி, சட்டென்று நெருங்கி, முழுச் சண்டையையும் இடைவெளியில்லாமல் காட்டுகிறது. அழகுக்காக மட்டுமல்ல, எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கத்துக் கவசம் போனது என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.