ஆடிஷன் வீடியோவுக்கு 10 இன்ச் ரிங் லைட்: வாங்கலாமா?

சினிமா வாய்ப்புக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி போட்டோ கொடுத்த காலம் போய், முதல் ஆடிஷன் இப்போது பெரும்பாலும் செல்போனில் எடுத்து அனுப்பும் வீடியோதான். அதற்கு ஆன்லைனில் கிடைக்கும் 10 இன்ச் ரிங் லைட் (வளைய வடிவ விளக்கு), 7 அடி ஸ்டாண்ட் செட் தாராளமாகப் போதும்.

வெளிச்சத்தில் குறையில்லை. லைட்டில் வரும் மூன்று வெளிச்ச நிறங்களில் நடுவில் உள்ளதை வையுங்கள். மஞ்சளில் தோல் நிறம் மாறிவிடும். லைட்டின் யுஎஸ்பி வயரை லேப்டாப்பில் சொருகினால் மங்கலாம், 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர் நல்லது. போனை வளையத்துக்குள் மாட்டாதீர்கள். கண்மணியில் வெள்ளை வட்டம் விழும்; பார்ப்பவர் நடிப்பை விட்டுவிட்டு அதையே பார்ப்பார். லைட்டை 45 டிகிரி பக்கவாட்டில் தள்ளி, கண்ணுக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். போன் தனி ட்ரைபாடில், கண் மட்டத்தில், கிடைமட்டமாக, ஐந்தடி தள்ளி. எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும்.

ஸ்டாண்ட்தான் சொதப்பல். முழு உயரத்துக்கு இழுத்தால் ஃபேன் காற்றுக்கே ஆடும். ஸ்டாண்ட் காலில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிடுங்கள். ஃபேனை எப்படியும் அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சல் வசனத்தை விழுங்கிவிடும்.

போன் கேமராவைத் தள்ளி நின்றே இயக்க, கூடவே வரும் ப்ளூடூத் ரிமோட்? இருந்தால் சரி, அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம்.