தரங்கம்பாடியா, புஷ்பவனமா, கோடியக்கரையா? கூட்டமாக மணலில் நடக்க எது தோது

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, அவசரமில்லாமல், பேசிக்கொண்டே கடலோர மணலில் அரை நாள் நடக்க வேண்டும். கூட்டத்தில் அறுபதைத் தாண்டிய அத்தை இருப்பார், ஆறாம் வகுப்புப் பையன் இருப்பான், முட்டி வலிக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். காவிரி டெல்டாவில் இதற்கு எங்கே போகலாம் என்று பேச்சு எடுத்தால் மூன்று இடங்கள் வந்து நிற்கும்: வானகிரியிலிருந்து தரங்கம்பாடி வரை, வேதாரண்யத்துக்கு வடக்கே புஷ்பவனம் – நாலுவேதபதி, அப்புறம் கோடியக்கரை.

முதலில் ஆறுகளைச் சொல்லிவிட வேண்டும். கொள்ளிடம், காவிரி, நண்டலாறு, அரசலாறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு என்று வரிசையாகக் கடலில் விழும் ஊர் இது. ஒவ்வொரு முகத்துவாரமும் கரையை வெட்டிவிடும். கோடையில் சிறிய வாய்கள் மணல் மூடிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்துகொள்ளும். முழங்கால் தண்ணீர்தானே என்று யாரும் இறங்க வேண்டாம். காலுக்கடியில் மணல் நகரும், ஓட்டம் கடல் பக்கமே இழுக்கும். மூன்று தடங்களையும் எடைபோட எனக்கு இதுதான் முதல் கேள்வி: குறுக்கே தண்ணீர் வந்தாலோ, ஒருவருக்கு முடியாமல் போனாலோ, ரோட்டுக்கு வர எவ்வளவு தூரம்?

தரங்கம்பாடித் தடம் இந்தக் கேள்வியில் நல்ல மதிப்பெண் வாங்கும். வானகிரி, சின்னமேடு, சின்னங்குடி என்று மீனவர் ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் எங்கே வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். முழுத் தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். சின்னங்குடியில் சேர்ந்துகொண்டால் ஏறக்குறைய பாதி. முடிவில் கோட்டை இருக்கிறது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டியது. பக்கத்தில் அலை தின்று மிச்சம் வைத்த மாசிலாமணிநாதர் கோயில். மீன் சாப்பாடு, கழிப்பறை, நிழல் எல்லாம் உண்டு.

ஆனால் மணல்மேடு பார்க்க வந்தவருக்கு இங்கே ஏமாற்றம்தான். கடல் அரிப்பால் பல இடங்களில் கரையே குறுகிவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி, கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். கல் மேல் அத்தையை ஏற்றி இறக்குவது நிதானமான நடை ஆகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் எழுதுவதில்லை: ஊரை ஒட்டிய கரையில் விடியற்காலையில் காலடி பார்த்துத்தான் நடக்கணும். படகு கரையேறும் நேரத்தில் நடுவில் புகுந்து செல்ஃபி எடுப்பதும் வேண்டாம். அது அவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

புஷ்பவனம் பக்கம் கதையே வேறு. வேதாரண்யம் வட்டாரத்தின் நிலமே கடல் அடுக்கி வைத்த மணல்தான். உள்ளே போகப் போக வரிசை வரிசையாக மேடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. மேட்டில் ஊர், தோப்பு. இடையில் தாழ்ந்த நிலம். கடலோர மேட்டில் நடந்தால் முதலில் அடும்புக் கொடி வரும், ஊதாப் பூவோடு மணலைத் தைத்து வைத்தது மாதிரி. அதற்கு மேலே இராவணன் மீசை. அந்தப் புல்லின் முள்ளுருண்டை காற்றில் உருண்டு ஓடும்போது பிள்ளைகள் துரத்துவார்கள். துரத்தட்டும், ஆனால் முழுக்கால்சட்டை போட்டிருக்கட்டும், குத்தும். அதற்கும் பின்னால் சவுக்கு, பனை, முந்திரி.

இந்த மேடுகளின் அருமை அடியில் இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆழமில்லாத ஊற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைப்பது இதனால்தான். மணலை அள்ளி விற்றால் போவது மேடு மட்டுமில்லை, தண்ணீரும்தான். நாலுவேதபதியில் 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டு கின்னஸில் இடம்பிடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து சுனாமி வந்தபோது ஊருக்கும் கடலுக்கும் நடுவே அந்த மரங்கள் நின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி இந்த வட்டாரத்து மரங்களைச் சாய்த்தது. நடந்துகொண்டே பேச இதைவிட என்ன வேண்டும்?

குறை என்றால் வசதிதான். கடை, கழிப்பறை எதையும் கரையில் எதிர்பார்க்க முடியாது. தலைக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் சுமக்கணும். உலர்ந்த மணலில் கால் புதைவதால் முட்டி வலிக்காரர் அலை நனைத்த ஓரத்தில் நடப்பது நல்லது, அங்கே மணல் இறுகியிருக்கும். கரைச் சரிவில் ஒரே பக்கம் ரொம்ப தூரம் நடந்தால் கணுக்கால் பிடித்துக்கொள்ளும். அப்போது மேட்டுக்குப் பின்னால் உள்ள தோப்புப் பாதைக்கு மாறிவிடலாம். பெரிய ஆற்று வாய் இந்தப் பகுதியில் குறுக்கிடாது. ஊருக்குள்ளிருந்து மண் பாதைகள் கடலுக்கு வருகின்றன, ஆட்டோவை அங்கேயே வரச் சொல்லலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

கோடியக்கரையைச் சிபாரிசு செய்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. பார்க்க அதுதான் வளமான இடம். 1967-ல் சரணாலயம் ஆனது, 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான், காட்டில் திரியும் குதிரைகள், பாலை மரங்கள், குளிர்காலத்தில் பூநாரைகள். கிழக்கே அலையடிக்கிற கரை சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணை ஆவதை அங்கேதான் பார்க்க முடியும். இராமர் பாதம் இருக்கும் மேட்டில் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். சோழர் காலத்துப் பழைய கலங்கரை விளக்கம்தான் சுனாமியில் போய்விட்டது.

ஆனால் அரட்டைக் கூட்டத்துக்கு அது இடமில்லை. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் காட்டும் வழியில் போகணும். பதினைந்து பேர் சிரித்தால் மான் நிற்காது. சதுப்புப் பக்கம் இறங்கினால் சேறு காலை விடாது.

எங்கே போனாலும் பொங்கல் முடிந்து மாசி வரைக்கும் நல்ல காலம். ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். அதே மாதங்களில்தான் பங்குனி ஆமை என்கிற கடல் ஆமை முட்டையிடக் கரையேறும். மணலில் துடுப்புத் தடம் தெரிந்தால் ஒதுங்கி நடங்கள், குச்சி விட்டுக் கிளறாதீர்கள். கூட்டத்தில் பறவை பார்க்கிற இரண்டு மூன்று பேர் இருந்தால் முதல் நாள் வேதாரண்யத்தில் தங்கி அவர்களை மட்டும் கோடியக்கரைக்கு அனுப்பிவிடலாம். தை அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். அன்றைக்குக் கடலாட வருகிற கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.