நிலமா, நீலமா: மூன்று மலிவு வாசிப்புத் திரைகள்

“பிள்ளை, இது நிலமா, நீலமா?”

அப்பா கிண்டில் என்ற மின்நூல் வாசிப்புக் கருவியை விறாந்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தபடி கேட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். மேல்விலங்கின் நுனியில் சுழி இருந்தால் நீ, இல்லாவிட்டால் நி. அந்தத் திரையில் சுழி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறைதான் இருந்தது. வசனத்தை முழுதாக வாசித்த பிறகுதான் அது நிலம் என்று எனக்கே விளங்கியது. அன்றைக்கே வீட்டில் இருந்த மூன்று கருவிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே பக்கத்தைத் திறந்து ஒப்பிடத் தொடங்கினேன். இரண்டு மாதம் பாவித்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருகோணமலை உவர்மலையில். டவுனில் சின்னதாக ஒரு போட்டோகொப்பி, தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கத் தமிழ் எழுத்துருக்களோடுதான் என் வேலை. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் கற்றரக்ட் ஆபரேஷன் முடிந்துவிட்டது. 1990இல் இடம்பெயர்ந்தபோது அவர் சேர்த்து வைத்திருந்த புத்தகங்களும் சிற்றிதழ்களும் வீட்டோடு போயின. அவற்றில் பலவற்றை ‘நூலகம்’ இணையத் தளத்தில் ஸ்கான் செய்து போட்டிருக்கிறார்கள் என்று நான் காட்டிய நாளில் அவர் இரவு பதினொரு மணிவரை படுக்கப் போகவில்லை. 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து இலவசமாக வாசிக்கத் தரும் இடம் அது. போன் திரையில் அவரால் வாசிக்க முடியாது, லப்டொப்பை மடியில் வைத்து வாசிப்பது சரிவராது. ஆகவேதான் இந்தக் கருவிகள்.

முதலாவது, 2019இல் வந்த சாதாரண கிண்டில், பத்தாம் தலைமுறை. பாவித்ததை 14,000 ரூபாவுக்கு வாங்கினேன். இரண்டாவது, 2018இல் வந்த கோபோ கிளாரா எச்டி. ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தியின் மகன் தான் பாவித்ததைக் கொண்டு வந்து தந்தான், 20,000 கொடுத்தேன். கோபோ ரொறன்ரோவில் பிறந்த நிறுவனம் என்பதால் கனடாவில் உறவு இருக்கிற வீடுகளுக்கு இது வந்து சேர்வது சுலபம். மூன்றாவது அமேசானின் ஃபயர் 7 டப்லெட், இதுவும் 2019 மாதிரிதான். மற்ற இரண்டிலும் இருப்பது அச்சுத் தாள் போலத் தெரியும் மின்தாள் திரை, இதில் இருப்பது போனில் உள்ளதைப் போன்ற எல்சிடி.

இனித் திரையின் கதை. கிண்டிலிலும் கிளாராவிலும் ஆறு அங்குலத் திரை. ஆனால் கிண்டிலில் ஓர் அங்குலத்துக்கு 167 திரைப்புள்ளி, கிளாராவில் 300. ஃபயரில் ஏழு அங்குலத் திரையில் 171. வெறும் இலக்கமாகப் பார்த்தால் இதன் பாரம் தெரியாது. அப்பாவுக்குப் பிடித்த எழுத்தளவில் ஒற்றின் மேல் வைக்கும் புள்ளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் இருக்கும். கிளாராவில் அதை வரைய நாலைந்து திரைப்புள்ளி கிடைக்கிறது, வட்டமாக வரையலாம். கிண்டிலுக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை. அதில் வட்டம் எப்படி வரும்? சதுரமாகவோ மங்கலாகவோதான் விழும்.

கடையில் அச்சுப் பார்க்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மூன்றிலும் ‘கண்ணீர்’ என்ற சொல்லைப் பார்த்தேன். கிளாராவில் ணகரத்தின் சுழிகள் தனித்தனியாகத் தெரிந்தன, சுழிகளுக்கு இடையே வெள்ளை இருந்தது. கிண்டிலில் அந்த வெள்ளை அடைபட்டுப் போயிருந்தது. ‘ண்’ ஒரு கறுப்புக் கட்டியாகவும், அதன் மேல் புள்ளி உதிர்ந்த மை போலவும் இருந்தது. ஆங்கில எழுத்தை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் இவ்வளவு தெரியாது, 167இலேயே ஒழுங்காக வாசிக்கலாம். நம் எழுத்தில் ஒரே இடத்துக்குள் சுழி, கொம்பு, விலங்கு, புள்ளி என்று அத்தனையும் அடங்கவேண்டியிருக்கிறது. அதனால் விலையைப் பார்த்து 167 போதும் என்று யாராவது சொன்னால், அவர் எந்த மொழியில் வாசிக்கிறார் என்று கேளுங்கள்.

ஃபயரின் கதை கொஞ்சம் வேறு. புள்ளி அடர்த்தி கிட்டத்தட்ட கிண்டில் அளவுதான், ஆனாலும் முதல் பார்வைக்குத் தெளிவாகத் தெரிகிறது. மின்தாள் காட்டக்கூடியது 16 சாம்பல் படிகள் மட்டும், எல்சிடி அதைவிட எவ்வளவோ நுட்பமாக ஓரங்களை மழுப்பிக் காட்டும். பின்னாலிருந்து வெளிச்சமும் வருகிறது. ஒரு மணித்தியாலம் வாசித்த பிறகு அப்பா கண்ணைக் கசக்கத் தொடங்கினார். மற்ற இரண்டிலும் அவர் கண்ணைக் கசக்கி நான் பார்க்கவில்லை.

ஒரு பின்னேரம் நாலரை மணிக்கு மூன்றையும் டச்சுக்குடாவுக்குக் கொண்டு போனேன். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நாள், வெயில் இறங்கவேயில்லை. ஃபயரை முழு வெளிச்சத்தில் வைத்தும் திரையில் என் முகமும் பின்னால் வானமும்தான் தெரிந்தன. கிண்டிலும் கிளாராவும் அந்த வெயிலில் அச்சுத் தாள் மாதிரியே இருந்தன. கிண்டிலின் எழுத்துக்கூட வீட்டுக்குள் இருந்ததைவிட வடிவாகத் தெரிந்தது. மின்தாளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னேற்றத்தால் மேலும் கீழும் போகின்றன. தாளைப் போல வெளி வெளிச்சத்தில்தான் அது தெரியும், வெளிச்சம் கூடினால் அதற்கு நல்லது. பகலில் விறாந்தையில் இருந்து வாசிப்பவருக்கு எல்சிடி வேண்டாம் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இரவு வெளிச்சத்திலும் கிளாராதான் முன்னால் நிற்கிறது. கிண்டிலில் நாலு எல்இடி, நீலம் கலந்த வெள்ளை, கீழ் ஓரத்தில் நிழல் விழுகிறது. கிளாராவில் வெள்ளையிலிருந்து மஞ்சள் விளக்கு நிறம்வரை மாற்றலாம். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது இப்படி ஒன்று வீட்டில் இருந்திருந்தால் அப்பா மெழுகுதிரி வெளிச்சத்தில் கண்ணைக் கெடுத்திருக்கமாட்டார். ஒரு சார்ஜில் அவர் வாசிக்கும் அளவுக்குக் கிளாரா இரண்டு கிழமைக்கு மேல் நிற்கிறது.

சரி, திறந்து மாற்றும் விஷயத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கிளாராவில் எதையும் உடைக்கத் தேவையில்லை. யுஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, சாதனத்தின் மேல்மட்டத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘ஃபொண்ட்ஸ்’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதற்குள் போட்டால் போதும், பட்டியலில் வந்துவிடும். அடுத்தது நிக்கல்மெனு என்ற சிறு மென்பொருள். ஒரே ஒரு கோப்பை மறைந்திருக்கும் ‘கோபோ’ கோப்புறைக்குள் வைத்து, வயரைக் கழற்றினால் கருவி தானாக அணைந்து எழும்பும், புதிதாக ஒரு மெனு இருக்கும். கோரீடர் என்ற இலவச வாசிப்பு மென்பொருளையும் ஏற்றிவிட்டால், அந்த மெனு வழியாக அதைத் திறக்கலாம். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் எடுத்தது.

கோரீடர் வந்த பிறகுதான் நூலகத்தின் ஸ்கான்கள் வாசிக்கக் கூடியவையாக மாறின. முதலில் பக்கத்தின் வெற்று ஓரத்தைத் தானாக வெட்டிவிடும். அதிலேயே எழுத்து ஒரு சுற்றுப் பெரிதாகிவிடுகிறது. அப்புறம் கொன்ட்ராஸ்ட் கூட்டும் வசதி. அறுபது, எழுபது வருடத்து மலிவுத் தாளில் அடித்த இதழ்கள் ஸ்கானில் மண்ணிறமாக, மை வெளிறிக் கிடக்கும். இந்த ஒன்றைக் கூட்டியதும் தாள் வெளுத்து எழுத்து கறுத்தது. அப்பா தான் இருபது வயதில் வாசித்த ஒரு கதையின் தலைப்பைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார். இரண்டு நிரல் உள்ள இதழ்களுக்கு, வரிகளை வெட்டி மீண்டும் அடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் கிளாராவில் உள்ள 512 எம்பி நினைவகத்துக்கு அது பாரமான வேலை, பக்கத்துக்குப் பல விநாடி காத்திருக்கவேண்டும். அதற்குப் பதிலாகத் திரையைப் படுக்கையாகத் திருப்பி, பாதிப் பாதியாக வாசிப்பது நல்லது. ஸ்கான் வாசிக்கும்போது பழைய பக்கத்தின் நிழல் மிஞ்சும். கோரீடர் ஆறு பக்கத்துக்கு ஒருமுறைதான் திரையை முழுதாகத் துடைக்கும், நான் அதை ஒவ்வொரு பக்கத்துக்கும் என்று மாற்றிவிட்டேன்.

கிளாரா எச்டியின் 8 ஜிபி சேமிப்பு உள்ளே ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்ட்டில்தான் இருக்கிறது. பழைய போன் அட்டை ஒன்றின் ஓரத்தைச் செருகிப் பின்மூடியைக் கிளப்பினேன். ‘டக்’ என்று சத்தம் வந்தபோது நெஞ்சு பதறியது, ஆனால் அது கொக்கி விடுபட்ட சத்தம்தான். கார்ட்டை அப்படியே 32 ஜிபி கார்ட் ஒன்றில் பிரதி எடுத்து, இடத்தை விரித்து, திரும்பப் போட்டேன். பழைய கார்ட்டை உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். மென்பொருளில் என்ன பிழைத்தாலும் அதைப் போட்டால் கருவி முதலிருந்த நிலைக்கு வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே திருத்தப் பழகுகிறவர்களுக்கு நான் இதைத்தான் கையில் கொடுப்பேன்.

கிண்டிலிலும் எழுத்துருக் கோப்புறை உண்டு. தமிழ்ப் புத்தகங்களைக் கிண்டில் கருவிகள் 2016 கடைசியிலிருந்து ஆதரிக்கின்றன. கோரீடர் வேண்டுமானால் ஜெயில்பிரேக் செய்யவேண்டும், அதாவது நிறுவனம் போட்ட மென்பொருள் பூட்டை நீக்கவேண்டும். 2025 தொடக்கத்தில் வெளிவந்த விண்டர்பிரேக் என்ற ஜெயில்பிரேக் முறை என்னுடைய கருவியில் இருந்த மென்பொருள் பதிப்புக்கு வேலை செய்தது. எல்லாப் பதிப்புக்கும் செய்யாது, புதிய பதிப்புகளில் வழி அடைபட்டிருக்கிறது. ஆகவே பாவித்த கிண்டில் வாங்கியதும் வைஃபையில் போடாமல், முதலில் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கள். கோரீடர் ஓடத் தொடங்கியதும் கிண்டில் எவ்வளவோ திருந்தியது. ஆனால் மென்பொருளை மாற்றி 167ஐ 300 ஆக்க முடியாது. எழுத்தைப் பெரிதாக்கி ஈடுசெய்யலாம், அப்போது ஒரு பக்கத்தில் பத்து வரிதான் நிற்கும்.

ஃபயரில் அமைப்புகளுக்குள் போய்த் தொடரிலக்கத்தை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். கூகுள் பிளேக்குத் தேவையான நாலு கோப்பையும் வரிசை தவறாமல் நிறுவினேன், கோரீடரின் அன்ட்ரொயிட் பதிப்பும் போட்டேன். ரூட் வரை, அதாவது கருவியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கும் அளவுக்கு, போகவில்லை, தேவைப்படவும் இல்லை. நிறப் படம் உள்ள சிறுவர் இதழ்களுக்கும் அட்டைப் படங்களுக்கும் இதுதான் சரி. அக்காவின் மகள் இதைத் தன்னுடையதாக்கிவிட்டாள். வெளியே மெமரி கார்ட் போடும் இடம் மூன்றிலும் இதில் மட்டும்தான் இருக்கிறது.

தமிழுக்கென்று இன்னொரு விஷயம். நம் ஊரில் பலருடைய பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அதை இபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு ஆக்கினால் எந்தக் கருவியிலும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றவேண்டும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பிடிஎஃப் தருகிறார்கள். எழுத்துருச் சிக்கலே வேண்டாம் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

உப்புக் காற்றையும் மறக்கவேண்டாம். இந்த மூன்றிலும் இருப்பது பழைய மைக்ரோ யுஎஸ்பி துவாரம், மூன்றுமே தண்ணீர் தாங்காதவை. கடற்கரைக்குக் கொண்டு போய் வந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறேன்.

நான் வாங்கிய கிண்டிலை விற்றவர் திரையின் கீழ்மூலையில் இருந்த கறையைச் சொல்லாமல் விட்டுவிட்டார், வீட்டுக்கு வந்து இரவு விளக்கைப் போட்ட பிறகுதான் கண்டேன். பாவித்த சாமான் வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன்னம் இதைச் செய்யுங்கள்: வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, முன்விளக்கை முழுதாகக் கூட்டி, கையால் மறைத்து நாலு ஓரத்தையும் பாருங்கள். அதன் பிறகு, நீங்களே கொண்டு போன தமிழ்க் கோப்பொன்றை ஏற்றி, எழுத்தைச் சின்னதாக்கி, ‘கண்ணீர்’ என்ற சொல்லில் சுழியும் புள்ளியும் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். பெரியவர்களுக்கென்று வாங்கினால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.