சந்திரபிந்துவுக்கு ஏற்ற விசைப்பலகை எது? விண்டோஸின் இந்தி இன்ஸ்கிரிப்ட் பற்றி

இந்தியில் வினாத்தாளோ மொழிபெயர்ப்போ தட்டச்சு செய்கிறவர்களை அதிகம் இடறவைக்கும் குறி சந்திரபிந்து. பிறையும் அதற்குள் ஒரு புள்ளியுமாக எழுத்தின் தலைக்கோட்டுக்கு மேலே நிற்கும். உயிரொலி மூக்கு வழியாகவும் வரவேண்டும் என்று காட்டும். தாய், நிலா, கண், ஐந்து, கிராமம் ஆகியவற்றுக்கான இந்திச் சொற்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஆகவே ஓர் இந்தி விசைப்பலகையின் தரத்தை இந்த ஒரு குறியை வைத்தே எடைபோடலாம். அப்படிப் பார்த்தால், தினமும் இந்தி அடிக்கிறவர்களுக்கு விண்டோஸோடு இலவசமாக வரும் இன்ஸ்கிரிப்ட் (இந்திய மொழிகளுக்கான பொதுவான விசை அமைப்பு)தான் சிறந்தது. எப்போதாவது நாலு வரி அடிப்பவர்கள் அதைக் கற்க மெனக்கெட வேண்டாம்.

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் போய், டைம் அண்ட் லாங்குவேஜ், அதற்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன், அங்கே இந்தியைச் சேர்க்க வேண்டும். பிறகு இந்திக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குள் கீபோர்டு பட்டியலைப் பாருங்கள். ‘இந்தி டிரெடிஷனல்’, ‘தேவநாகரி இன்ஸ்கிரிப்ட்’ என்று இரண்டு பெயர்கள் இருக்கும். எதைச் சேர்த்தாலும் சந்திரபிந்துவின் இடம் ஒன்றே. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்து மொழியை மாற்றும். விசைகளின் மேல் இந்தி எழுத்து அச்சாகியிருக்காது என்பதால், பழகும்வரை விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

வெறும் எக்ஸ் விசை அனுஸ்வாரம், அதாவது மேலே ஒற்றைப் புள்ளி. ஷிப்டோடு எக்ஸ், சந்திரபிந்து. பெரும்பாலும் இடது கைப்பக்கம் உயிர்கள், வலது கைப்பக்கம் மெய்கள் என்பது இன்ஸ்கிரிப்டின் அடிப்படை அமைப்பு. தாயைக் குறிக்கும் ‘மா’வுக்கு ஆங்கில சி (மகரம்), ஆங்கில ஈ (ஆகாரக் குறி), பிறகு ஷிப்ட் எக்ஸ். மூன்றே தட்டல், பட்டியலில் தேடிப் பொறுக்குவது இல்லை.

இதன் பலவீனமும் அதே விசையில்தான் இருக்கிறது. யு, ஷிப்ட் எக்ஸ், எம் என்று அடித்தால் ‘சிரி’ என்று பொருள்படும் இந்தி வினை வரும். ஷிப்ட் சரியாக விழாவிட்டால் ‘ஹன்ஸ்’, அன்னப்பறவை. இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கண்ணால்தான் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். மெய், உயிர்க்குறி, கடைசியாகச் சந்திரபிந்து. உயிர்க்குறிக்கு முன்னால் சந்திரபிந்துவை (சுருக்கமாகப் பிந்து) போட்டால் பெரும்பாலான இடங்களில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றும். சில செயலிகள் வட்டத்தைக் காட்டாமல் ஒப்பேற்றிவிடும். ஆனால் அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பிறைக் குறியைத் தனியாகவும் புள்ளியைத் தனியாகவும் போட்டுச் சமாளிப்பதும் இதே வகைத் தவறு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும்; யூனிகோடில் சந்திரபிந்து 0901 என்ற ஒரே எழுத்து. திருத்துவது எளிது: கர்சரைக் குறிக்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் பிந்து மட்டும் போகும். டெலீட் விசை முழு எழுத்தையுமே அழித்துவிடக்கூடும்.

எங்கே சந்திரபிந்து, எங்கே புள்ளி என்ற முடிவு அடிப்பவருடையது. தலைக்கோட்டுக்கு மேலே உயிர்க்குறி எதுவும் ஏறாத இடத்தில் சந்திரபிந்து. ஈகாரம், ஏகாரம், ஐகாரம், ஓகாரம், ஔகாரம் போல மேலே குறி உள்ள இடத்தில் இடநெருக்கடியால் வெறும் புள்ளி. ‘நஹீ’ (இல்லை), ‘மே’ (‘இல்’ என்ற வேற்றுமைச் சொல்) இரண்டுக்கும் புள்ளிதான் வழக்கம். செய்தித்தாள்கள் பல எல்லா இடத்திலும் புள்ளியே போடுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய மாணவர் தேர்வுத்தாளில் குழம்புவார். ஆகவே பாடநூல், வினாத்தாள் அடிப்பவர்கள் பிந்துவை விடவே கூடாது. முடித்தபின் எல்லாப் புள்ளியையும் ஒரே அடியாகச் சந்திரபிந்துவாக மாற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். ‘ஹிந்தி’ என்ற சொல்லே கெட்டுப்போகும்.

மற்றவை எப்படி? விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்போடு வந்த ‘இந்தி போனெடிக்’கில் ஆங்கில எழுத்தில் அடித்தால் சொற்பட்டியல் வரும். கைபேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை தரும் எழுத்துப்பெயர்ப்பும் அப்படியே. கற்க நேரம் வேண்டாம் என்பது உண்மையான வசதி. ஆனால் புள்ளியா பிந்துவா என்பதைப் பட்டியல் முன்வைக்கிறது. அவசரத்தில் முதலில் வந்ததையே ஏற்றுக்கொண்டுவிடுவோம். பழைய க்ருதிதேவ் எழுத்துருவை இன்னும் வைத்திருப்பவர்களுக்குச் சந்திரபிந்து ஆல்ட் 0161. எண்பலகை இல்லாத மடிக்கணினியில் அது பெரும் தொல்லை. எழுத்துருவை மாற்றினாலோ எல்லாமே ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். புதிதாக யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

விசைப்பலகை சரியாக இருந்தும் அச்சில் பிந்து காணாமல் போனால், வேர்டில் வரி இடைவெளியைப் பாருங்கள். ‘எக்ஸாக்ட்லி’ என்று வைத்திருந்தால் தலைக்கோட்டுக்கு மேலே உள்ளவை வெட்டுப்படும். ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றினால் சரியாகும். நிர்மலா யூஐ எழுத்துருவில் அளவை மிகச் சிறிதாக வைத்தால் பிறையும் புள்ளியும் ஒட்டிப்போய்ச் சாதாரணப் புள்ளியாகத் தெரியும். மாணவர் கைக்குப் போகும் தாளுக்கு 14 நல்ல அளவு.

தமிழ்நாட்டில் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களுக்கு இன்ஸ்கிரிப்டின் இடங்கள் முற்றிலும் புதிது. தொடக்கத்தில் வேகம் குறையத்தான் செய்யும். தமிழுக்கே இன்ஸ்கிரிப்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு மகரமும் ஆகாரமும் அதே விசைகளில் இருக்கும், புதிதாகக் கற்க வேண்டியவை கொஞ்சமே. வங்காளமும் குஜராத்தியும் அடிக்க நேர்ந்தாலும் அவற்றின் இன்ஸ்கிரிப்டில் சந்திரபிந்து அதே ஷிப்ட் எக்ஸ்தான்.