தும்பாட்டா, பிரமயுகமா: கார்த்திகை மழை இரவுக்கு எது?

தும்பாட், பிரமயுகம் என்ற இந்த இரண்டு பேய்ப்படங்களிலும் மழை விடாது. இரண்டிலும் பாழடைந்த ஒரு பெரிய வீடு, அதற்குள் செத்தும் சாகாத ஒன்று. இதை வைத்துக்கொண்டு 'பிரமயுகம்' மலையாளத் 'தும்பாட்' என்று கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. தும்பாட்டில் விநாயக் தானாகவே திரும்பத் திரும்ப உள்ளே இறங்குகிறான், ஒருவரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. பிரமயுகத்தில் தேவன் பசியோடு ஒரு மனைக்குள் நுழைகிறான், பிறகு வெளியே போக விடுகிறார்கள் இல்லை. ஒன்று ஆசைப் பயம், மற்றது அடிமைப் பயம். வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வித்தியாசமும் முக்கியம்: தும்பாட் எந்த ரீவியிலும் பிழைத்துக்கொள்ளும், பிரமயுகம் பிழைக்காது. (கதையின் திருப்பங்கள் கீழே வரும். தெரியக்கூடாது என்றால் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கோ.)

தும்பாட் 2018 ஒக்ரோபரில் வந்த ஹிந்திப் படம். ராஹி அனில் பர்வே இயக்கியது, சோஹம் ஷா விநாயக்காக நடித்தது. முதல்முறை தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. 2024 செப்ரெம்பரில் மறுபடி வெளியிட்டபோது முதல் வசூலைத் தாண்டியது. வாய்வழியாகவே வளர்ந்த படம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். கதை 1918, 1933, 1947 என்று மூன்று கட்டமாகப் போகும். நீளம் இரண்டு மணித்தியாலத்துக்குள்.

இந்தப் படத்தின் பலம் அதன் செய்முறை. கிணற்றுக்குள் கயிற்றில் இறங்க வேண்டும். கீழே தேவியின் கருப்பை, சுவரெல்லாம் சதை மாதிரிச் சிவப்பு. முதலில் மாவால் வட்டம் போட்டு அதற்குள் நிற்க வேண்டும். பிறகுதான் மாப்பொம்மையை வெளியே எடுக்கலாம். மாவுக்குக் காலாகாலமாகப் பசித்துக் கிடக்கும் ஹஸ்தர் என்ற சபிக்கப்பட்ட தெய்வம் அதைத் தின்ன வரும். அது தின்று முடிப்பதற்குள் அதன் கோவணத்தை உலுக்கி, விழும் பொற்காசைப் பொறுக்கிக்கொண்டு ஏற வேண்டும். அது தொட்டால் சாவு வராது. சாகாமல் அழுகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தத் தண்டனை எப்படி இருக்கும் என்பதைச் சங்கிலியில் கிடக்கும் கிழவியை வைத்து முதல் அரைமணிக்குள்ளேயே காட்டிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு இறக்கத்திலும் எங்கே பிழை நடக்கும் என்று பார்க்கிறவருக்கே தெரியும். விநாயக்கின் மகன் கணக்குப் போடுகிறான்: ஒரு பொம்மைக்குச் சில காசுதானே, நிறையப் பொம்மை கொண்டுபோனால் கோவணத்தையே உருவலாமே. ஒரு பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் என்றால் நிறையப் பொம்மைக்கு? பேராசை என்ற சொல்லைச் சொல்லாமல் பெருக்கல் கணக்கிலேயே முடித்துவிட்டார்கள். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே இரண்டாந்தரம் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்று கேட்டு வளர்ந்த ஊருக்கு, அடி தெரியாத கிணற்றின் பயத்தைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பிரமயுகத்தில் இப்படிச் செய்முறை ஒன்றும் இல்லை. ராகுல் சதாசிவன் இயக்கம், 2024 பெப்ரவரி வெளியீடு, முழுக்கக் கறுப்பு வெள்ளை, இரண்டேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 17ஆம் நூற்றாண்டு மலபாரில் தப்பியோடி வரும் பாணன் தேவன், மனைக்குச் சொந்தக்காரரான கொடுமண் போற்றி, ஒரு சமையற்காரன். பெரும்பாலும் இந்த மூன்று பேர்தான். போற்றியாக வரும் மம்முட்டி முன்பாதியில் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்தே வெருட்டுகிறார். 'இரு', 'பாடு', 'சாப்பிடு' என்று உபசாரம் போலத் தொடங்கும் பேச்சு எந்த இடத்தில் கட்டளையாகிறது என்று பிடிக்க முடியாது. பகடை ஆட்டத்தில் தேவன் தன் காலத்தையே பணயம் வைத்துத் தோற்கிறான். அதற்குப் பிறகு நாள் கணக்கு, ஊர், பெயர் என்று ஒவ்வொன்றாகக் கழன்று போகிறது. போற்றி உண்மையில் யார் என்பது தெரியவரும்போது அது அதிர்ச்சியைவிட வயிற்றைக் கலக்குகிற விசயமாக இருக்கிறது: குட்டிச்சாத்தானைக் கட்டி வைத்தவனின் கதிரையில் இப்போது அந்தச் சாத்தான்.

வசனம் டி.டி. ராமகிருஷ்ணன். ஈழப்போரைப் பின்னணியாக்கி நாவல் எழுதிய அதே மலையாள எழுத்தாளர்தான். அதிகாரம் கைமாறினாலும் கதிரை மாறாது என்ற எண்ணம் படம் முழுக்க ஓடுவது தற்செயலாகத் தெரியவில்லை. முடிவில் போர்த்துக்கேயத் துவக்குகள் வந்து நிற்கும். 1619இல் பறங்கியிடம் இராச்சியத்தை இழந்த மண்ணில் இருந்து பார்க்கும்போது அந்தக் கடைசி நிமிடங்கள் வேறு மாதிரிக் கனக்கின்றன.

குறையும் இருக்கிறது. இடைவேளைக்குப் பிறகு ஒளித்த அறை, அணைக்க வேண்டிய விளக்கு, அடிபிடி என்று வழக்கமான பேய்ப்படப் பாதையில் கொஞ்ச நேரம் போகிறது. யட்சியை வைத்திருக்கிறார்கள், பயன்படுத்தவில்லை. தும்பாட்டில் இப்படி வீணாகக் கிடக்கும் சாமான் ஒன்றும் இல்லை. கட்டுமானம் என்று பார்த்தால் தும்பாட்தான் மேல். படுத்த பிறகும் காதில் நிற்பது என்றால் போற்றியின் சிரிப்பு.

இனி ரீவி விசயம். கடையில் இருந்து வந்தபடியே 'விவிட்' மோட்டில் விட்டால் பிரமயுகம் நாசம். அந்த மோட் கொன்ராஸ்ற்றைத் தூக்கும், விளக்கு வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கிற சாம்பல் எல்லாம் கரியாகிப்போகும். 'சினிமா' அல்லது 'மூவி' மோட்டுக்கு மாற்றி, அசைவை வழுவழுப்பாக்கும் செற்றிங்ஸை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் போற்றி மனை நாடகத் தொடர் மாதிரித் தெரியும். பிறகு ஒரு இருட்டுக் காட்சியில் நிறுத்தி, தூணின் விளிம்பு மட்டுமட்டாகத் தெரியும்வரை பிரைற்னஸை ஏற்றினால் போதும். ரியூப் லைற் எரியக்கூடாது. ரீவிக்குப் பின்னால் ஒரு சின்ன பல்ப் பரவாயில்லை.

மழைக்கு இன்ரநெற் இழுபடும்போது ஸ்ரீம் பண்ணினால் இருட்டெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். நிறம் இருப்பதால் தும்பாட்டில் கண் அதை ஓரளவு மன்னிக்கும், பிரமயுகத்தில் திரையில் மிஞ்சுவது அந்தச் சதுரங்கள்தான். மாலையிலேயே உயர்ந்த தரத்தில் இறக்கி வையுங்கோ. பெட்சீற்றில் புரொஜெக்டர் அடிக்கிறவர்கள் தும்பாட்டையே போடுங்கோ. துணியில் கறுப்பு ஒருபோதும் கறுப்பாக விழாது, கருப்பைச் சிவப்பு விழும்.

தகரக் கூரை வீடென்றால் சத்தமும் பிரச்சினை. தும்பாட்டில் வசனம் கொஞ்சம், தவறினாலும் கையைப் பார்த்தே விளங்கும். பிரமயுகத்தில் குரலைத் தவறவிட்டால் படமே தவறிப்போகும். ஹெட்போன் இல்லையென்றால் மழை ஓயும்வரை பொறுக்கலாம். தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. ஆனாலும் மலையாளத்திலேயே கேட்பது நல்லது. நாங்கள் கதைப்பதைத் தமிழ்நாட்டில் மலையாளமா என்று கேட்கிறார்கள்தானே, அந்தப் பக்கத்து உறவு இங்கே உதவும். சப்ரைற்றிலோடு பார்த்தால் அரைமணியில் காது பழகிவிடும்.

சின்னப்பிள்ளைகள் முழித்திருக்கிற வீட்டில் இரண்டும் வேண்டாம், முக்கியமாகத் தும்பாட்டின் கிழவி. இரண்டையும் ஒரே இரவில் பார்ப்பதென்றால் பிரமயுகம் முதலில். அதன் மெதுவான நடைக்கு நித்திரை இல்லாத கண் வேண்டும். தும்பாட்டைப் பன்னிரண்டு மணிக்குப் போட்டாலும் அது தானே எழுப்பி வைத்திருக்கும்.