எலக்ட்ரான் பீம் அடிச்ச மக்கும் மெட்டீரியல், ஓட்டிப் பாத்த அனுபவம்

மதுரை கப்பலூர் பக்கம் சின்னதா ஒரு கவர் பிலிம் யூனிட், மக்குற கவர் மட்டும் ஓட்டுறோம். 2019 ஜனவரியில தமிழ்நாட்டுல ஒருதடவை தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு தடை வந்ததுக்கப்புறம் பூக்கடை, ஜவுளிக்கடைன்னு ஆர்டர் வருது, ஆனா இந்த பிஎல்ஏவும் (மாவுப் பொருள்ல இருந்து செய்யுற, விறைப்பான மக்குற பிளாஸ்டிக்) பிபிஏடியும் (இழுவை தர்ற இன்னொரு மக்குற பிளாஸ்டிக்) கலந்த மெட்டீரியல் இருக்கே, சாதா பாலித்தீனான எல்டி ஓட்டிப் பழகின கைக்கு அடங்கவே அடங்காது. உருகினா தண்ணியா ஓடும், உருகினது வெளிய வர்ற டைக்கு மேல, காத்து ஊதி குழாயா எழும்புற பபுள் நிக்காம ஆடும், கேஜ் (பிலிம் கனம்) ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் மெலிசு. மாவு ஊறாத வீச்சு பரோட்டா வீசும்போதே கிழியும்ல, அதே கததான்.

எலக்ட்ரான் பீம்ல ரேடியேஷன் கொடுத்த கிரானுல்ஸ் (மணி மணியா வர்ற மெட்டீரியல்) இருக்குன்னு சப்ளையர் சொல்லி, இப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஓடிட்டு இருக்கு. பிஎல்ஏவுக்கு சும்மா ரேடியேஷன் அடிச்சா அதோட நீளமான மூலக்கூறு செயின் அறுந்து இன்னும் நொறுங்கத்தான் செய்யும், அதனால டிஏஐசின்னு ஒரு கெமிக்கல கொஞ்சமா கலந்துட்டு அடிக்கிறாங்க, அப்ப செயினுக்கும் செயினுக்கும் முடிச்சு விழுது. ஜப்பான்ல டகாசாகி ஆராய்ச்சி நிலையத்துல இதுல நெறைய வேலை நடந்திருக்கு. சாதா பிஎல்ஏ 60 டிகிரி பக்கம் தொளதொளன்னு ஆயிரும், நல்லா முடிச்சு விழுந்தது அதுக்கு மேலயும் ஷேப் விடாது. ஆனா அது கப்பு, டிரேன்னு செஞ்சு முடிச்ச பொருளுக்கு. நமக்கு வர்றதுல டோஸ் (ரேடியேஷன் அளவு) கம்மி, முழுசா முடிச்சு போட்டுட்டா திரும்ப உருகாது, அப்புறம் எதை ஓட்டுறது.

பபுள் நிக்குது, அது உண்மை. முன்னாடி ராத்திரி ஷிப்டுல ஆள் பக்கத்துலயே நிக்கணும், இப்ப டீ குடிச்சுட்டு வந்து பாத்தாலும் அதே இடத்துல நிக்குது. தொல்லை ஜெல்லுதான், முடிச்சு ஜாஸ்தியா விழுந்து உருகாம நிக்கிற கட்டி. ரோல டியூப்லைட்டுக்கு நேரா விரிச்சுப் பாத்தா மீன் கண்ணு மாதிரி புள்ளி புள்ளியா தெரியும், ஒரு லாட்டுல அது அள்ளிக் கொட்டி வந்துச்சு, அத வடிகட்டுற ஸ்கிரீன் மெஷ்ஷ மாத்தி மாத்தி கை ஓஞ்சு போச்சு. டோஸ் சீரா விழலைன்னு நான் சொன்னேன், சப்ளையர் என் மெஷின் ஹீட்டதான் குறை சொன்னாரு, நல்ல கூத்து. டிரையர் வேலையும் குறையல, ஐப்பசி மழையில ஈரம் ஏறின பிஎல்ஏ, மெஷின்ல உருக்குற பேரல்லயே செயின் அறுந்துரும், ரேடியேஷன் கொடுத்ததுன்னு அதுக்கு விதிவிலக்கு கெடையாது.

கடைக்காரங்க கேக்குற ஒரே கேள்வி, 'அண்ணே ரேடியேஷனா, கேன்சர் வராதா?' மும்பை டிராம்பேயில ஐசோமெட் பிளான்ட்டுல 1974ல இருந்து மருத்துவ சாமானுக்கு காமா கதிர் கொடுத்துத்தான் ஸ்டெரிலைஸ் பண்றாங்க, அதெல்லாம் உடம்புக்கே போகுது, இந்தக் கதிர் பட்ட பொருள் கதிர வீசாதுன்னு சொன்னா பாதி பேரு தலையாட்டுவாங்க, மீதி பேரு பேப்பர் கவருக்குப் போயிருவாங்க.

மக்குறதுல ரேடியேஷன் ஒண்ணும் வேகம் கூட்டாது, முடிச்சு ஜாஸ்தியானா இன்னும் மெதுவாத்தான் ஆகும். வீட்டுக் கொல்லையில பொதைச்சா போதும்னு நெனைக்காதீங்க, பிஎல்ஏவுக்கு 60 டிகிரி பக்கம் சூடு நிக்கிற கம்போஸ்ட் பிளான்ட் வேணும், நம்ம சித்திரை வெயிலுக்கெல்லாம் அது அசையாது.

விலை கூடத்தான். மெலிசு கேஜ், அகல ரோல் ஆர்டருக்கு மட்டும் இத வாங்குறேன், வேஸ்ட் கொறையுறதுல காசு சரியாப் போகுது. தடி கவருக்கு சாதா மெட்டீரியலே போதும். வாங்குறவங்க லாட்டுக்கு லாட்டு எம்எஃப்ஐ (உருகினா எவ்வளவு வேகமா ஓடும்னு காட்டுற அளவு) ரிப்போர்ட்டும் ஜெல் சதவீதமும் கேட்டு வாங்குங்க, தர மாட்டேன்னா ஒரு மூட்டைக்கு மேல எடுக்காதீங்க.